தெல்தோட்டை என்னும் துறை

தெல்தோட்டைக்குப் போகிறேன் என்று கொழும்பில் சொன்னால் பாதிப் பேர் “திகன பக்கம்தானே?” என்று கேட்பார்கள். அவர்கள் நினைப்பில் இருப்பது தெல்தெனிய. அது கண்டிக்குக் கிழக்கே, விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் பழைய ஊர் மூழ்கிப்போக, மேட்டில் புதிதாக எழுந்த ஊர். தெல்தோட்டை தென்கிழக்கே மலைக்குள் இருக்கிறது. இந்தக் குழப்பத்தில் நம் எழுத்துக்கும் பங்குண்டு. தெல்தெனியவின் முதலெழுத்து ‘தண்ணீர்’ என்பதில் வரும் த. தெல்தோட்டையின் முதலெழுத்து ‘பந்தம்’ என்பதில் வரும் த. சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. முன்னதற்குப் பொருள் எண்ணெய், பின்னது ஒரு மரம். தமிழில் எழுதியதும் எண்ணெயும் மரமும் ஒன்றாகிவிட்டன.

அந்த மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இன்று வீட்டு வளவுகளில் நிற்கும் ஈரப்பலாவைச் சிங்களவர் ‘ரட்ட தெல்’ என்பார்கள், அதாவது வெளிநாட்டுத் தெல். வெறும் ‘தெல்’ என்றால் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் வேறொரு மரம். பலாவின் உறவுதான். ஓரம் அலையலையாக மடிந்த பெரிய இலை. விதையை வறுத்துத் தின்பார்கள். ‘தொட்ட’ என்பது துறை, ஆற்றைக் கடக்கும் இடம். அம்பாந்தோட்டையின் வாலில் இருப்பதும் அதே சொல்தான். ஆக, பெயரைப் பிரித்தால் தெல் மரத்துறை. அதில் தோட்டம் எதுவும் இல்லை. ஆனால் தமிழன் காதில் ‘தோட்டை’ என்று விழுந்த பிறகு, சுற்றியிருக்கும் மலையெல்லாம் உண்மையிலேயே தோட்டமாகிப் போனது. பிழையாகக் கேட்ட பெயரே பொருத்தமாக அமைந்துவிட்ட ஊர் இது.

ஆற்றங்கரை ஊர் என்றால் நம் பாடப்புத்தகம் உடனே ரைனையும் டான்யூபையும் காட்டும். படகுத்துறை, சுங்கச்சாவடி, கோயில் மணிக்கூண்டு, பாலத்தின் இரு தலையிலும் கடைத்தெரு. அங்கே ஆறு சரக்கைக் கொண்டுவந்தது, சரக்கு ஊரைக் கட்டியது. கண்டி மலைநாட்டு ஆறுகள் அப்படிப்பட்டவை அல்ல. பாறையில் விழுந்து ஓடும் தண்ணீரில் படகு போகாது. ஆறு வழியாகப் பயணம் இல்லை, ஆற்றைக் குறுக்கே கடப்பதுதான் பயணம். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், இந்த நாட்டில் பாலங்களே இல்லை என்று எழுதினார். நாட்டுக்குள் நுழைவது எளிதாகிவிடக் கூடாது என்ற அரசனின் எண்ணமும் அதற்கு ஒரு காரணம் என்றார். பாலமில்லாத நாட்டில் கடக்கத்தக்க ஒரு துறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யோசித்துப் பார்த்தால், ஊருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது வியப்பில்லை.

நில அமைப்பை விளங்கிக்கொள்ள மகாவலியைத்தான் பார்க்க வேண்டும். 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆறு நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று வடக்கே வந்து, கண்டி நகரைச் சுற்றி வளைந்து, பிறகு கிழக்கும் தெற்குமாகத் திரும்பி விக்டோரியா, ரந்தெனிகல பக்கம் இறங்குகிறது. அந்தப் பெரிய வளைவின் உட்பக்கத்தில் கிடக்கும் மலைத்தொகுதிதான் ஹேவாஹெட்ட. அதன் மடியில் தெல்தோட்டை. இந்த மலையின் மேற்குச் சரிவில் விழும் மழை நில்லம்பை ஓயாவாக இறங்கி ஆற்றின் முற்பகுதியில் சேர்கிறது. கிழக்குச் சரிவில் விழுவது, ஆறு கண்டியைச் சுற்றி வந்த பிறகு அதே ஆற்றில் சேர்கிறது. ஒரு கூரையின் இரண்டு தாழ்வாரம்போல. தென்மேற்குப் பருவமழையும் எட்டும், வடகீழ்ப் பருவமழையும் எட்டும். இரண்டு மழையும் கிடைப்பதால்தான் மிளகும் கராம்பும் கோப்பியும் மரக்கறியும் தேயிலையும் ஒரே மலையில் ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன.

கண்டியிலிருந்து பஸ் ஏறினால் பேராதனையில் திரும்பி, பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே ஓடும் கலஹா வீதியில் போகிறது. செனற் கட்டடத்தைக் கடந்து, ஹிந்தகலையில் பழைய சுவரோவியத் துண்டுகள் எஞ்சியிருக்கும் கற்குகை விகாரையைக் கடந்து, நில்லம்பை வழியாகக் கலஹா. அதற்குப் பிறகு தெல்தோட்டை. அப்பால் நுவரெலியா மாவட்ட எல்லை. வளாகத்தில் இறங்கும் மாணவர்களில் எத்தனை பேர் இந்த வீதி எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை போய்ப் பார்த்திருப்பார்களோ தெரியாது. இலங்கைத் தேயிலையின் வரலாறு தொடங்கிய மலைக்குப் போகும் வழி, நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துப் போகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வேடிக்கையாகவே படும்.

நில்லம்பையில் ஒரு காலத்தில் அரண்மனை இருந்தது. இரண்டாம் இராஜசிங்கன் கண்டியை விட்டு அங்கே வந்திருந்தான். 1664 டிசெம்பரில் அவனுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியை நொக்ஸ் விரிவாகச் சொல்கிறார். அரசன் தப்பி மலைகளுக்குள் போய், கடைசியில் ஹங்குரன்கெத்த பக்கம் குடியமர்ந்தான். நில்லம்பைக்கும் ஹங்குரன்கெத்தவுக்கும் நடுவே கிடப்பது நமது மலைதான். அரசன் எந்தத் துறையில் இறங்கி எந்த மேட்டில் ஏறினான் என்று இப்போது காட்ட முடியாது. ஆனாலும் கண்டி அரசர்களுக்கு இந்தப் பக்கம் ஒதுங்கும் காடாகவும் காவல் அரணாகவும் இருந்தது என்பது தெளிவு. ஹேவாஹெட்ட என்ற பெயரையே ‘அறுபது போர்வீரர்’ என்று பிரித்துச் சொல்வார்கள்.

அந்தக் காலத்து ஊர் பள்ளத்தாக்கில் இருந்தது. கீழே வயல், வயலுக்கு மேல் வீட்டு வளவு, அதற்கும் மேலே சேனைப் பயிர் செய்யும் காடு. காட்டுக்கு உறுதி கிடையாது, வழக்கம்தான் உரிமை. 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. கால் நூற்றாண்டு கழித்து, 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குச் சொந்தம் என்றது. அரசு அவற்றைக் கோப்பிக்காரருக்கு விற்றது. கிராமத்தவருக்கு வயல் மிஞ்சியது. தலைக்கு மேலிருந்த மலை கை மாறியது. கண்டிய விவசாயியின் மனத்தில் தோட்டத்தைப் பற்றி இருந்த கசப்பின் வேர் இங்கேதான். அந்தக் கசப்பு, காணியை விற்றவர் மேல் விழாமல், அந்தக் காணியில் கூலிக்கு வந்தவர் மேல் விழுந்ததுதான் பிற்கால அரசியலின் துயரம்.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? தெல்தோட்டைக்கு அதிக தூரமில்லாத கம்பளை சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கிய 1823–24 காலத்தைத்தான் மலையகத் தமிழர் தங்கள் வரலாற்றின் முதற்படியாக வைக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து இருநூறு ஆண்டு நினைவைக் கொண்டாடினார்கள். ஆனால் கோப்பிக் காலத்தில் வந்தவர்களைக் குடியேறியவர்கள் என்று சொல்வது முழுச் சரியல்ல. கோப்பி பழுக்கும் பருவத்தில் கங்காணியின் பின்னால் கடல் கடந்து, காட்டுவழியே நடந்து வருவார்கள். பழம் பறித்து முடிந்ததும் இராமநாதபுரத்துக்கோ புதுக்கோட்டைக்கோ திரும்பிப் போவார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். தமிழகத்தில் ‘கண்டிச் சீமைக்குப் போனான்’ என்றால் அது ஒரு பருவத்துக்குப் போனதைத்தான் குறித்தது.

இதை மாற்றியது ஒரு பயிர். அந்த மாற்றம் நடந்த இடம் தெல்தோட்டைக்கு மேலே இருக்கும் லூல்கந்துர. லூலா என்றால் விரால் மீன், கந்துர என்றால் ஓடை. விராலோடை என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் பதின்ம வயதில், 1852இல், இங்கே வந்து சேர்ந்தார். முதலில் கோப்பி, பிறகு சின்கோனா. 1867இல் 19 ஏக்கரில் தேயிலை. இலங்கையில் வர்த்தக நோக்கில் நடப்பட்ட முதல் தேயிலை அதுதான். தோட்டப் பேச்சில் சொன்னால் ஏழாம் நம்பர் மலை. கொழுந்தைத் தன் பங்களா விறாந்தையில் மேசைமேல் கையால் உருட்டி, மண்ணடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டில் காயவைத்துத் தூளாக்கினார். 1873இல் லண்டனுக்குப் போன பொதி 23 இறாத்தல். இன்று ஒரு பெண் ஒரே நாளில் பறிக்கும் பச்சைக் கொழுந்தின் எடை அதைவிட அதிகம்.

19 ஏக்கர் சிறிய சோதனை. அதைப் பெரிதாக்கியது ஒரு பூஞ்சணம். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு கண்டார்கள். 1870களின் முடிவில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்திருந்த கோப்பி அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் அழிந்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. பயிர் மாறியதும் ஆட்களும் மாறினார்கள் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோப்பிக்கு வருடத்தில் ஒரு பருவம் கை வேண்டும். தேயிலைக்கு வாரா வாரம் வேண்டும். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே பத்திக்கு வந்து கொழுந்து எடுக்காவிட்டால் அது முற்றி இலையாகிவிடும். நடுவில் கவ்வாத்து, புல்வெட்டு, உரம். பருவத்துக்கு வந்து போகும் ஆண்களால் ஆகாத வேலை இது. பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் குடியிருக்க லயம் வரிசையாக எழுந்தது, மாரியம்மன் கோயில் எழுந்தது, மாசியில் காமன் கூத்து ஆடினார்கள். தெல்தோட்டையின் தமிழ்க் குடித்தொகைக்கு ஆண்டு குறிக்கச் சொன்னால், நான் 1823ஐ விட 1867க்குப் பக்கமாகத்தான் கை வைப்பேன்.

டெய்லர் 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துரவிலேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் நிர்வாகம் அவரை வேலையிலிருந்து விலகச் சொல்லியிருந்தது. பெரிய உடம்பு. 24 பேர் இரண்டு அணியாக மாறி மாறித் தூக்கி, கண்டி மஹியாவ மயானம்வரை நடந்தார்கள் என்றும், தொழிலாளர் அவரைச் ‘சாமி துரை’ என்று சொல்லி அழுதார்கள் என்றும் ஒரு கதை. கதை எவ்வளவு மெய்யோ, கல்லறை மட்டும் இன்றும் மஹியாவையில் இருக்கிறது. அவர் ஸ்கொட்லாந்துக்கு எழுதிய கடிதங்கள் அங்குள்ள தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்த 24 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. ஐரோப்பிய ஆற்றங்கரை ஊரொன்றின் வரலாற்றை எழுதுபவருக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு முந்நூறு வருடத்துக்குப் பெயர் தரும். இங்கே நமக்குக் கிடைப்பது தலைக்கணக்கு மட்டும்.

மலையுச்சியில் கருங்கல்லைச் செதுக்கிச் செய்த ஓர் ஆசனம் இருக்கிறது. டெய்லர் உட்கார்ந்து பார்த்த இடம் என்பார்கள். மேகம் விலகினால் தூரத்தில் விக்டோரியாவின் தண்ணீர் தெரியும். நான் போன அன்று மேகம் விலகவில்லை. கீழே பத்தியில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் “இன்னும் எவ்வளவு நேரம் இப்படி மூடியிருக்கும்?” என்று கேட்டேன். “அந்தக் கல்லுல ஒக்காந்து பாக்க என்ன தம்பி இருக்கு, மழை எறங்கறதுக்குள்ள நான் இந்த மலைய முடிக்கணும்” என்றார். கை நிற்கவே இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் எறிகிறார். திரும்பிப் பார்ப்பதில்லை, ஒரு கொழுந்தும் தவறுவதில்லை.

வயலில் சிங்களவர், மலையில் தமிழர் என்று மட்டும் எழுதினால் ஊரின் பாதியைத்தான் எழுதியதாகும். தெல்தோட்டைச் சந்தியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது முஸ்லிம் கடைகள். வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று சொல்லிவிடுவது வழக்கம், ஆனால் அது மேலோட்டம். கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்தை நடத்திய ‘மடிகே’ என்ற பிரிவில் முஸ்லிம்கள் இருந்தார்கள். உப்பும் கருவாடும் மேலே ஏறியதும் பாக்கும் மிளகும் கீழே இறங்கியதும் தவளம் என்ற அவர்களின் பொதிமாட்டு வரிசையில்தான். பாலமில்லாத நாட்டில் ஆற்றுத்துறையை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கோப்பிக் காலத்தில் தமிழகக் கரையிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தார்கள். இன்று கடையோடு வயலும் மிளகுத் தோட்டமும் உள்ள கிராமத்தவர்கள் அவர்கள்.

அந்தக் கிராமங்களில் ஒன்றான போப்பிட்டியில்தான் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் (1866–1918) பிறந்தார். டெய்லர் தேயிலைக் கன்று நட்டதற்கு முந்தைய வருடம். ‘கண்டிக் கலம்பகம்’ பாடியவர். தமிழ் இலக்கிய வரலாற்றில் மலையகம் என்றதும் தோட்டப் பாடல்களில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்களுக்குத் தாவிவிடுகிறோம். கோப்பி அழிந்து தேயிலை எழுந்துகொண்டிருந்த அதே மலையில், மரபுப் பிரபந்தம் கைவந்த ஒருவர் கண்டி மாநகரைக் கலம்பகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். அவரை இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற அறையில் வைத்துப் பூட்டி, மலையக இலக்கியத்தின் வாசலைக்கூட மிதிக்க விடாதது நம் வகைப்படுத்தலின் கோளாறு என்றே நினைக்கிறேன். எனசல்கொல்லை என்று இங்கே ஓர் இடம். எனசல் சிங்களத்தில் ஏலம். அந்தச் சிங்களப் பெயரில் ஒரு மத்திய கல்லூரி, அதில் முஸ்லிம் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். ஊரைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு பெயர்ப்பலகை போதும்.

குடித்தொகைக்கு வருவோம். 2012 கணக்கெடுப்பில் கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ 13 லட்சத்து 75 ஆயிரம் பேர். நூற்றுக்கு 74 பேர் சிங்களவர், ஏறத்தாழ 14 பேர் முஸ்லிம்கள், இருவகைத் தமிழரும் சேர்ந்து 11 பேர். இந்த விகிதத்தைக் கொண்டு தெல்தோட்டையை அளந்தால் தவறிப்போகும். இங்கே தமிழ் பேசுபவரின் பங்கு மாவட்டச் சராசரியைவிட வெகு அதிகம். மலைநாட்டில் கண்டியைச் சுற்றி இப்படித் தீவு தீவாகத்தான் குடித்தொகை கிடக்கிறது. மாவட்டச் சராசரி என்பது எந்த ஊருக்கும் பொருந்தாத சட்டை.

‘இருவகைத் தமிழர்’ என்ற பிரிவே 1911 கணக்கெடுப்பில் வந்தது. ‘இந்தியத் தமிழர்’ என்ற கட்டம் அதில் முதன்முறையாகப் போடப்பட்டது. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் அந்தக் கட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். சந்தையில் கூறு வைப்பதுபோல. தலைமன்னாருக்குப் போன இரயிலுக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். அந்தக் கோச்சியில் போனவர்களில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்தெடுத்தார்கள். 1971இல் நாடு முழுவதும் 11,74,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் 1981இல் 8,18,656. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வீழ்ச்சி முழுவதும் கப்பல் ஏறியவர்கள் அல்ல. ஒரு பகுதியினர் கட்டம் மாறினார்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் ‘இலங்கைத் தமிழர்’ என்றே சொன்னார்கள். பிறந்த நாடு இதுவாக இருக்க, வேறென்ன சொல்வார்கள்? 2012இல் 8,39,504, நூற்றுக்கு நான்கு பேர். 2024 கணக்கெடுப்பில் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் அதே கட்டத்தில் சேர்ந்தது. அப்படியிருந்தும் எண்ணிக்கை நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே போயிருக்கிறது. பிறப்பு குறைந்ததா, ஆட்கள் கொழும்புக்குப் போனார்களா, பெயரை மாற்றிச் சொன்னார்களா? மூன்றும்தான். ஆனால் தெல்தோட்டையில் ஒரு லயத்துக்குள் போய், அண்ணன் எந்தக் கட்டம், தம்பி எந்தக் கட்டம் என்று கேட்டுப் பார்க்காமல் எது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

காணிக்கும் இதே கதி. 1972இல் ஒருவருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பு, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. கண்டிப் பகுதியில் தோட்டங்களைத் துண்டாடிக் கிராமத்தவருக்குக் கொடுத்தபோது, 1840இல் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதாக ஒரு நியாயம் சொல்லப்பட்டது. லயத்தில் இருந்தவர் அந்தப் பங்கீட்டில் இல்லை. 1992இல் தோட்டங்களைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது, இலாபம் தராத மத்திய மலைநாட்டுத் தோட்டங்கள் பல அரசின் கையிலேயே தங்கின. லூல்கந்துர இன்றும் ஜனவசம என்ற அரசுத் தோட்டச் சபையிடம். இதில் புவியியலும் இருக்கிறது. 600 மீற்றருக்குக் கீழ் விளையும் தேயிலைக்கு மத்திய கிழக்கில் கிராக்கி, 1,200 மீற்றருக்கு மேல் விளைவதற்கு மணத்தால் பெயர். இரண்டுக்கும் நடுவில் விளைவது நடுவிலேயே நிற்கிறது. கைவிடப்பட்ட மலைகளில் தேயிலை மரமாகவே வளர்ந்து வெள்ளைப் பூ பூத்து நிற்பதைத் தெல்தோட்டைப் பக்கம் பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தேயிலை பூத்தால் அந்த மலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆளெடுப்பு, இல்லை என்று பொருள். சேமலாப நிதிப் பாக்கி, பென்ஷன் எடுத்தவருக்குக் கைக்கு வராத பணிக்கொடை என்று அரசுத் தோட்டங்களின் கணக்கு நாடாளுமன்றக் குழுவரை போய்த் திரும்பியிருக்கிறது. இளையவர்கள் கண்டியில் புடவைக் கடையிலும் கொழும்பில் ஹோட்டலிலும் நிற்கிறார்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் நிறைகிறது.

நாட்டின் மற்றவர்கள் தெல்தோட்டை என்ற பெயரைக் கேட்பது அநேகமாக வானொலியில், மழைக்காலத்தில். கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகம் பிரதேச செயலகமாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாயிரு, செம்மஞ்சள் என்றால் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் மலைச்சரிவுகளில் கொடுத்த உயிர்கள் கொஞ்சமல்ல. கோப்பிக்காகக் காடு வெட்டிய சரிவு, அதில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் துரைமார் தண்ணீர் வசதி பார்த்துத் தேர்ந்த இடத்தில் லயம், லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு. வெளியேறச் சொன்னால் கிராமத்தவர் பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். லயத்தவரின் சொந்தக்காரர் அடுத்த காம்பராவில் இருக்கிறார். ஆகவே தோட்டத்துப் பள்ளிக்கூடம்.

எச்சரிக்கைப் பட்டியலை வாசிப்பவர் தமிழ் எழுத்தைப் பார்த்து, தண்ணீரில் வரும் ‘த’வைப் போட்டே தெல்தோட்டை என்று படிப்பார். கேட்பவர்கள் திருத்துவதில்லை. எந்த ஊரைச் சொல்கிறார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. மழை அவர்கள் தகரத்தில்தான் விழுந்துகொண்டிருக்கிறது.